கைக்கு எட்டாத அந்தோனியார்

அத்தியாயம் 7

“கையெழுத்துப் போட மாட்டன்” என்றாள் அருந்ததி, கதிரையில் இருப்பதற்கு முன்பே.

இருப்பதற்குக் கதிரையும் இருக்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இயங்கிய அந்த அலுவலகத்தில் இரண்டே கதிரைகள். ஒன்றில் மேபல். மற்றதில் சுகிர்தனின் சாப்பாட்டுப் பொதி.

மேபல் கொட்டாஞ்சேனைக்காரர். காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக எரிந்த கடைகளையும் நொருங்கிய லொறிகளையும் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். சுகிர்தன் அவருடைய உதவியாளன். முன்பு ஒரு பங்குத் தரகர் நிறுவனத்தில் இருந்தான். வாயைக் குறைக்கச் சொன்னார்கள். அவன் வேலையை விட்டுவிட்டான்.

“உங்களை நாங்கள் கையெழுத்துப் போடச் சொல்லேல்லையே, மிஸ்” என்றான், பொதியைத் தூக்கிக்கொண்டு. “எங்கட பில்லுக்கே ஆக்கள் போடுறேல்லை.”

“சும்மா இரு, சுகிர்தன். பிள்ளைக்குத் தண்ணி குடு” என்றார் மேபல்.

அருந்ததி தண்ணீரைக் குடித்தாள். அவள் கோரல்டன் ஹோல்டிங்ஸ் என்ற கம்பனியில் இடர் முகாமைத்துவ அதிகாரி; சேர்ந்து ஒரு வருடம்தான். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி அது. கார்த்திகை மாதத்து வெள்ளத்தில் ஹெந்தளையில் இருந்த அதன் பெரிய களஞ்சியசாலை மூழ்கிப்போனது. உள்ளே இருந்த சரக்கெல்லாம் நாசம். பங்கின் விலை பாதியாகியது. கம்பனியின் வருடாந்த அறிக்கையிலோ வெள்ளம் பற்றி ஒரு சொல் இல்லை.

“அது பிழையோ?” என்று கேட்டார் மேபல். “மழை வருமெண்டு கம்பனி எழுதி வைக்க வேணுமோ?”

சுகிர்தனே பதில் சொன்னான். “அக்கா, பட்டியலிட்ட கம்பனி எண்டால் ஊராரிட்ட சல்லி வாங்கின கம்பனி. வீட்டை விக்கிற ஆள் கூரை ஒழுகும் எண்டால் ஒழுகும் எண்டு சொல்ல வேணும். தெரிஞ்சும் சொல்லாமல் விட்டால் அது மறைப்பு. தெரியாமல் விட்டால், கூரையைப் பார்க்க வைச்சிருந்த ஆளின்ர தலை போகும்.”

“அந்த ஆள் நான்” என்றாள் அருந்ததி. “ஆனால் நான் எழுதினனான், அக்கா. களஞ்சியசாலைக்குப் பக்கத்தில ஆறு ஓடுது, வெள்ளம் வரலாம் எண்டு ஒரு முழுப் பந்தி எழுதினனான். எம்.டி. ஒஸ்வால்ட் சேர்தான் வெட்டினவர். ‘ஒருநாளும் தண்ணி வராத இடம் பிள்ளை, நடக்காததை எழுதி ஆக்களைப் பயப்படுத்தாதே’ எண்டவர். இப்ப நான் எழுதினதெல்லாம் கம்பியூட்டரில இல்லை. நான் ஒண்டும் சொல்லேல்லையாம். என்ர கவனயீனம்தான் காரணம் எண்டு கடிதம் அடிச்சு வைச்சிருக்கினம். இண்டைக்கு மூண்டு மணிக்கு விசாரணை. அங்க நான் அந்தக் கடிதத்தில கையெழுத்துப் போட வேணுமாம்.”

“போடாட்டி?”

“வேலையால நிப்பாட்டி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற ஆணைக்குழுவுக்கும் என்ர பெயரைக் குடுப்பினம். பிறகு இந்த ஊரில ஒரு கம்பனியும் எனக்குக் கதவு திறக்காது.” அவள் நிமிர்ந்தாள். “வேலை போனால் போகட்டும். செய்யாத பிழையை என்ர பெயரில எழுத விட மாட்டன்.”

மேபல் கழுத்துச் சிலுவையைத் தடவியபடி யோசித்தார்.

“நீர் எழுதினதை நிரூபிக்க ஏலாது, பிள்ளை. அது போயிட்டுது. ஆனால் அங்க முதலும் வெள்ளம் வந்தது, அது ஒஸ்வால்டுக்குத் தெரியும் எண்டு காட்டினால் போதும். தெரிஞ்சு மறைச்ச ஆளுக்கு உம்மில பழி போட ஏலாது. அங்க போய்ப் பார்த்தனீரோ?”

“போன வருஷம், அறிக்கைக்கு முதல். எல்லாரிட்டயும் கேட்டனான். ஒருநாளும் தண்ணி வரேல்லை எண்டு எல்லாரும் பாடமாக்கின மாதிரி ஒரே பதில். அங்க உருப்படியா நான் செய்தது ஒண்டுதான். கேற்றடியில அந்தோனியார் சுரூபம் இருக்கு. நான் சைவம், எண்டாலும் அந்தோனியாரைக் கண்டால் கும்பிடாமல் வாறேல்லை. அதுவும் எனக்கு எட்டேல்லை. செக்கியூரிட்டி ஐயா ஒரு சோடாப் பெட்டி கொண்டுவந்து தந்தவர், ஏறி நிண்டு மெழுகுதிரி கொளுத்தினனான்.”

மேபலின் விரல்கள் சிலுவையில் நின்றன.

“என்ன எட்டேல்லை?”

“அவரின்ர கால். என்ர தலைக்கு மேல.”

மேபல் எழுந்து கைப்பையை எடுத்தார். “சுகிர்தன், ஓட்டோவைக் கூப்பிடு.”

“அக்கா, என்ர சாப்பாடு—”

“எடுத்துக்கொண்டு வா.”

*

ஓட்டோ காலி வீதியின் நெரிசலில் ஊர்ந்தது. மூன்று பேர் நெருங்கி இருக்க, சுகிர்தனின் மடியில் சாப்பாட்டுப் பொதி.

“அந்தோனியார் உயரமா இருந்தால் என்ன, அக்கா? எங்கட முருகன் மலையில இருக்கிறார். நாங்கள் ஒரு முறைப்பாடும் செய்யேல்லையே.”

“உனக்கு விளங்காது. நான் நடக்கப் பழகின நாளில இருந்து அந்தோனியாரின்ர காலைத் தொட்டுத்தான் முத்தி செய்யிறனான். தொட்ட விரலை வாயில வைப்பம். கொட்டாஞ்சேனையில பிள்ளையளைத் தூக்கிப் பிடிச்சாவது தொட வைப்பினம். காலுக்குக் கை எட்டாத உயரத்தில எந்தக் கத்தோலிக்கனும் சுரூபத்துக்குக் கூடு கட்ட மாட்டான். ஒஸ்வால்டும் கொட்டாஞ்சேனைப் பொடியன்தான். ஒரு காலத்தில எங்கட கோயில் திருநாளுக்குக் கூடு தூக்கினவர்.”

“அப்ப ஏன் கட்டினவர்?”

“அதைத்தான் அந்தோனியாரிட்டக் கேட்கப் போறம்.”

“அவரும் ‘ஒருநாளும் தண்ணி வரேல்லை’ எண்டு சொன்னால்?” என்றான் சுகிர்தன். அருந்ததி அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

*

ஹெந்தளைக் களஞ்சியசாலையின் மதில் முழுவதும் புதுப் பெயின்ற். மணம்கூட இன்னும் போகவில்லை. வெள்ளம் தொட்ட கோடு தேடியும் கிடைக்கவில்லை.

கேற்றுக்கு வலப்பக்கத்தில், கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியார் குழந்தை இயேசுவை ஏந்தியபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டின் அடியில் வளைவான தலையுடைய ஒரு சின்ன மாபிள் கல். ஒரு பூசைப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும். இடது மூலை சற்று உடைந்திருந்தது. கல்லில் எழுத்து எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே, மதிலோரமாக, ஒரு சோடாப் பெட்டி.

மேபல் செருப்பைக் கழற்றினார். பெட்டியில் ஏறி, சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு, விரல்களை உதட்டில் வைத்தார். கண்ணை மூடிச் செபித்தார். பிறகு கூட்டின் அடியிலிருந்த கல்லை விரலால் தடவினார்.

“அக்கா, வேலைக்கு வந்தனாங்கள்” என்றான் சுகிர்தன்.

“இதுவும் வேலைதான். உன்ர இடுப்புக்கு நேர மதிலைப் பார்.”

சுகிர்தன் குனிந்தான். பெயின்றுக்கு அடியில் சதுரமாக ஒரு மேடு தெரிந்தது. பழைய கூடொன்றைச் சீமெந்தால் அடைத்த தடம்.

“முதல் இங்கதான் இருந்திருக்கிறார்” என்றாள் அருந்ததி மெதுவாக. “தொடுற உயரத்தில.”

“பிறகு தூக்கி மேல வைச்சிருக்கினம். நீர் போன வருஷம் வந்தபோதே மேலதான் இருந்தவர். எண்டால் கார்த்திகை வெள்ளத்துக்கு முதலே யாரோ இங்க தண்ணியைக் கண்டிருக்கினம்.”

சுகிர்தன் நிமிர்ந்து அந்தோனியாரைப் பார்த்தான். “ஆக இந்தக் கம்பனியில இடரைச் சரியா மதிப்பிட்டது கூடு கட்டின மேசன் ஒருத்தர்தான். அவரைப் பணிப்பாளர் சபையில போட்டிருக்கலாம்.”

காவல் கொட்டிலிலிருந்து ஒருவர் வந்தார். நரைத்த தாடி, நன்றாக அழுத்திய சீருடை. அருந்ததியை அடையாளம் கண்டுகொண்டார். “மேடம், நீங்களா? உள்ள யாரையும் விட வேணாம்னு ஓடர் ஈக்கி.”

“உள்ளே வரேல்லை, நிஸாம் நானா. இவ மேபல். கும்பிட வந்தவ.”

மேபல் பெட்டியிலிருந்து இறங்கினார். “இந்தப் பெட்டியை ஆர் வைச்சது?”

“நான்தான்” என்றார் நிஸாம், ஏதோ குற்றம் செய்தவர் போல. “சாமிய ஒசத்தி வெச்ச பொறகு வயசான பொம்பளைங்க வந்து எட்டி எட்டிப் பாக்குறாங்க. பாத்துட்டு சும்மா ஈக்க ஏலா. மழை வந்தா உள்ளுக்கு எடுப்பேன். பொறகு வெளிய வெப்பேன்.”

“சாப்பிட்டீங்களோ?”

நிஸாம் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “இல்ல.”

மேபல் சுகிர்தனைப் பார்த்தார். சுகிர்தன் தன் பொதியைப் பார்த்தான். “மீன்தான், நானா. நம்பிச் சாப்பிடலாம்” என்று பெருமூச்சோடு நீட்டினான்.

நிஸாம் வாங்கத் தயங்கினார். மேபல் அதை அவர் கையில் வைத்துவிட்டுக் கேட்டார், “கூட்டுக்குக் கீழ ஒரு வெறுங்கல் இருக்கு. அது என்ன கல்?”

நிஸாமின் முகம் மாறியது. “பழைய கல்லு உடைஞ்சி போச்சி. அதான் வெறும் கல்லு வெச்சாங்க.”

“நானா, நான் தொட்டுப் பார்த்தனான். வாளால அறுத்த தழும்பும் சீமெந்துப் பொருக்கும் இருக்கு. அது சுவரில ஒட்டுற பக்கம். மினுக்கின பக்கத்துக்குக் காசு குடுத்துட்டு, சொரசொரப்பான பக்கத்தை ஊருக்குக் காட்டுறவை உண்டோ?”

“கம்பனிகள் மற்றமாதிரித்தானே செய்யும்” என்று முணுமுணுத்தான் சுகிர்தன். “மினுக்கத்தை ஊருக்குக் காட்டும். சொரசொரப்பைச் சுவருக்குக் காட்டும்.”

நிஸாம் பொதியைக் கை மாற்றினார். கொட்டிலுக்குத் திரும்பவில்லை.

மேபலின் குரல் தணிந்தது. “அந்தக் கல்லை உடைக்கச் சொல்லி உங்களுக்குத்தான் சொல்லியிருக்கினம். உடைச்சிட்டன் எண்டு சொல்லியிருப்பீங்கள். ஆனால் நீங்கள் உடைக்கேல்லை. ஊர் பேர் தெரியாத கிழவியளுக்கு ஏறி நிக்கப் பெட்டி வைச்ச மனுசர் அவையின்ர கல்லை உடைக்க மாட்டார்.”

ஒரு லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நிஸாம் தொப்பியைக் கழற்றினார்.

“ஒஸ்வால்ட் சேர் வெச்ச நன்றிக் கல்லு, மேடம். முந்தின வெள்ளத்துக்குப் பொறகு அவரே கூட்டை ஒசத்தி, கல்லும் வெச்சாரு. இங்க வாற நாளெல்லாம் அந்தக் கல்லத் தொட்டு முத்தங்குடுத்துட்டுத்தான் உள்ளுக்குப் போவாரு. போன வருசம் இந்த மேடம் வந்த நாள் மட்டும் அதைப் பூமாலையால மூடி வெக்கச் சொன்னாரு. இந்த வெள்ளத்துக்குப் பொறகு பெயின்ற் அடிச்சப்போ, கழட்டி உடைச்சி ஆத்துல போடச் சொன்னாரு. மத்தவங்கட சாமிக் கல்ல நான் எப்படி உடைக்கிற? நாளைக்கு அல்லாவுக்கு என்ன பதில் சொல்ற? எழுத்துத் தெரியக் கூடாதுன்னாரு. கல்ல மறுபக்கமா திருப்பிப் பூட்டினேன். எழுத்துத் தெரியல்ல.”

“நானா” என்றான் சுகிர்தன் மரியாதையோடு, “இந்த மூளையோட நீங்கள் ஏன் காவல் காக்கிறீங்கள்?”

அருந்ததி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆனால் அக்கா, இதைப் படம் எடுத்துக் காட்டினால், ‘இண்டைக்குக் காலமை நீயே வெட்டின கல்’ எண்டு சொல்லுவார்.”

“கட்டாயம் சொல்லுவார். அதால படம் எடுக்கேல்லை. திருப்பிப் பார்க்கவும் இல்லை. கல் இப்ப இருக்கிற மாதிரியே வெறும்பக்கம் மேல இருக்க அங்க போக வேணும்.”

“கம்பனிச் சொத்து. நாங்கள் கழட்டினால் களவு” என்றான் சுகிர்தன்.

“மூண்டு மணிவரைக்கும் நான் கம்பனி அதிகாரி” என்றாள் அருந்ததி. அவள் குரலில் இப்போது ஒரு கூர்மை இருந்தது. “எந்தக் களஞ்சியசாலையிலயும் எதையும் சோதிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. நானா, அந்தக் கல்லைத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்லி நான் சொல்லுறன். ஆனால் கட்டாயப்படுத்த மாட்டன். உங்கட வேலைக்கும் ஆபத்து.”

நிஸாம் சாப்பாட்டுப் பொதியைக் கொட்டிலுக்குள் பத்திரமாக வைத்தார். வரும்போது கையில் ஆணி கழற்றும் திருப்புளி ஒன்று இருந்தது.

*

கோரல்டனின் தலைமை அலுவலகம் கொட்டாஞ்சேனையில் இருந்தது. விசாரணை அறையின் கண்ணாடியினூடாகத் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிந்தன. மேசையின் தலைப்பக்கத்தில் டில்ஷானி இருந்தார். கம்பனிக்கு வெளியிலிருந்து பணிப்பாளர் சபைக்கு நியமிக்கப்பட்டவர். அன்றைய விசாரணை அவர் பொறுப்பில். அவருக்குப் பக்கத்தில் ஒஸ்வால்ட், வெள்ளைச் சேட்டும் களைத்த முகமுமாக. அருந்ததி தனக்குத் துணையாக ஆள் கூட்டிவரலாம் என்று விதி இருந்ததால் மேபலும் சுகிர்தனும் அவளுக்கு இரு பக்கத்திலும் இருந்தார்கள்.

“சுருக்கமா முடிப்பம்” என்றார் ஒஸ்வால்ட். “அந்த இடத்தில ஒருநாளும் வெள்ளம் வந்ததில்லை. வரக்கூடும் எண்டு கண்டுபிடிக்க வேண்டியது இந்தப் பிள்ளையின்ர வேலை. செய்யேல்லை. கடிதம் இருக்கு, பேனை இருக்கு.”

“பேனை வேண்டாம், சேர்” என்றாள் அருந்ததி. “ஒரு கேள்வி. கேற்றடியில அந்தோனியாரை ஏன் உயர்த்தினது?”

ஒஸ்வால்டின் கண் ஒருமுறை சிமிட்டியது. “அது வேலையாக்களின்ர விசயம். எனக்குத் தெரியாது.”

“அவருக்குக் கீழ ஒரு கல்?”

“கல்லும் தெரியாது, மண்ணும் தெரியாது. இது விசாரணையோ, ஞாயிறு மறைக்கல்வி வகுப்போ?”

மேபல் கதவைத் திறந்தார். நிஸாம் உள்ளே வந்தார். கையில் சாக்கால் சுற்றிய ஒன்று. அதை அவர் ஒஸ்வால்டின் முன்னால் மேசையில் வைத்து, சாக்கை விலக்கினார். சொரசொரப்பான பக்கம் மேலே. வளைந்த தலை, உடைந்த இடது மூலை. எழுத்தில்லாத வெறுங்கல்.

அறையில் ஒருவரும் அசையவில்லை, ஒஸ்வால்டின் வலது கையைத் தவிர. அது தன்பாட்டில் நீண்டது. விரல்கள் கல்லைத் தொட்டன. பிறகு உதட்டுக்குப் போயின.

உதட்டில் பட்டபின்தான் அவருக்கே தெரிந்தது. கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“சேர்” என்றார் மேபல், மிக மெதுவாக. “வெறுங்கல்தானே. கண்ட கல்லுக்கெல்லாம் முத்தம் குடுப்பீங்களோ?”

“அது... கத்தோலிக்கருக்கு ஒரு பழக்கம்...”

“நானும் கத்தோலிக்கம்தான். எனக்குக் கை போகேல்லை. அம்மியோ படிக்கல்லோ எண்டுதான் ஆரும் நினைப்பினம். இது அந்தோனியாரின்ர கல் எண்டு நாங்கள் ஒருத்தரும் சொல்லேல்லை. கல்லே தெரியாது எண்டு நீங்கள் இப்பதான் சொன்னீங்கள்.”

டில்ஷானி எழுந்தார். இரண்டு கையாலும் கல்லைப் புரட்டினார். மினுக்கிய பக்கத்தில் கறுப்பு எழுத்துகள். அவர் உரத்து வாசித்தார்:

“‘2024 ஜூன் பெருவெள்ளத்தில் ஹெந்தளைக் களஞ்சியசாலை நீரில் மூழ்கியும் ஓர் உயிரும் சேதமின்றிக் காத்த புனித அந்தோனியாருக்கு நன்றியுடன், ஒஸ்வால்ட் குடும்பத்தார்.’”

“அதுக்கு அடுத்த வருஷ அறிக்கையில வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை” என்றான் சுகிர்தன். “வெளிப்படுத்தல் ஒழுங்காத்தான் நடந்திருக்கு. பங்குதாரர் பட்டியலில அந்தோனியார் மட்டும் இருந்திருக்கிறார்.”

டில்ஷானி சிரிக்கவில்லை. “ஒஸ்வால்ட், நான் அந்த அறிக்கையை உங்களை நம்பி ஏற்றுக்கொண்டனான்.”

ஒஸ்வால்ட் நெற்றியைத் துடைத்தார். வயது திடீரென்று ஏறியது போலிருந்தது. “அந்த நேரம் வங்கி கடன் தர இருந்தது. வெள்ளம் எண்டு எழுதியிருந்தால் தந்திருக்காது. இன்னொருக்கா வராது எண்டு நம்பினன்.” அருந்ததி பக்கம் திரும்பினார். “பிள்ளை, இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடுறன். உமக்குப் பதவி உயர்வும் தாறன். நாளைக்கே வேலைக்கு வாரும். கல் மட்டும் இங்க இருக்கட்டும். வெளியில ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்.”

சுகிர்தன் மேபலைப் பார்த்தான். மேபல் அருந்ததியைப் பார்த்தார். அது அவள் சொல்லவேண்டிய பதில்.

“உங்கட கடிதத்தை நீங்கள் கிழியுங்கோ, சேர்” என்றாள் அருந்ததி. “ஆனால் என்ர பெயரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு நான் போக மாட்டன். அந்த அறிக்கையை வாசிச்சு, நம்பி, பங்கு வாங்கின ஆக்கள் இருக்கினம். எங்கட ஒழுங்கையில, அயல் வீடுகளிலயே இருக்கினம். முதலும் வெள்ளம் வந்தது, உங்களுக்குத் தெரியும், அறிக்கையில மறைச்சீங்கள். இதை இண்டைக்கே பங்குச் சந்தைக்கு அறிவிக்க வேணும். நீங்கள் அறிவிக்காட்டி நான் அறிவிப்பன். வேலை இருந்தாலும் அறிவிப்பன், போனாலும் அறிவிப்பன்.”

“அறிவித்தலில முதல் கையெழுத்து என்ர” என்றார் டில்ஷானி. கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். “நிஸாமின்ர வேலையில ஆரும் கை வைச்சால் அதையும் சேர்த்து அறிவிப்பன்.”

ஒஸ்வால்ட் தலை குனிந்திருந்தார். மேபல் மேசையிலிருந்த கூசாவிலிருந்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தார்.

“உயிர் தப்பினதுக்கு நன்றி சொல்ல உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, சேர். அது நல்ல மனம். அவருக்குச் சொன்னதை ஆக்களுக்கும் சொல்லியிருக்கலாம். குடியுங்கோ.”

அவர் குவளையை எடுத்தார். குடிக்க நேரமெடுத்தது.

நிஸாம் இவ்வளவு நேரமும் கதவடியில் நின்றார். இப்போது முன்னால் வந்து, கல்லைச் சாக்கில் சுற்றிக் கையில் எடுத்தார்.

“அதை இங்க வையும், நிஸாம்” என்றார் ஒஸ்வால்ட் பழைய பழக்கத்தில்.

“ஏலாது, சேர். அங்க மதில்ல ஓட்டை தெரியுது. வாறவங்க கேப்பாங்க.” அவர் அருந்ததியின் பக்கம் திரும்பினார். “மேடம், எந்தப் பக்கம் வெளிய வெச்சுப் பூட்டுற?”

“எழுத்து இருக்கிற பக்கம்” என்றாள் அருந்ததி.